விடைபெறாத சம்பந்திகள்

பலெர்மோவுக்கு நான் போனது ஏழு நிமிடம் கவிதை வாசிக்க. திரும்பும்போது ஒரு தைவான் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறையாகியிருந்தேன். அந்தக் கவிதையை அங்கே எவரும் நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. பெரியம்மாவாக நான் செய்த குளறுபடியை மட்டும் தைபேயில் ஒரு குடும்பம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

விழாக்காரர்கள் என்னை சீசா பகுதியில் ஒரு விடுதியில் இறக்கிவிட்டார்கள். அறையிலிருந்து கடல் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். தெரிந்தது. எதிர்வீட்டு பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் கடலும் இரண்டு டால்ஃபின்களும் இருந்தன. மற்றபடி சீசா, மேற்கு மாம்பலத்தைத் துவைத்து, பிழியாமல் கொடியில் போட்டதைப் போலிருந்தது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் மாடிகள், அவற்றின் காலடியில் மருந்துக்கடை, செருப்புக்கடை, முடிவெட்டும் கடை, ஹாரனில் கை வைத்துவிட்டு எடுக்க மறந்த ஓட்டுநர்கள். ஊரைப் போலவே இருக்கும் ஓர் ஊரைப் பார்க்கத்தான் விசா வரிசையில் அத்தனை நேரம் நின்றிருக்கிறேன்.

முதல் நாள் காலை, தொலைபேசியில் வீட்டுக்காரரோடு கேஸ் சிலிண்டர் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, நீங்கள் இந்தியாவோ? அந்த மனிசனை விடுங்கோ. பாவம்."

அதுதான் செல்வி. முல்லைத்தீவுக்காரி. போர் முடிந்த பிறகு வந்தவள். விடுதியைக் கூட்டித் துடைத்துக் காலைச் சாப்பாடு வைப்பது அவள் வேலை. கணவன் யோகன், நகரத்துக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் குப்பத்தில் ஓர் உணவகத்தில் சமைக்கிறான். இவ்வளவையும் என் காபி கொதிப்பதற்குள் சொல்லிவிட்டாள். பிறகு விரலை மேலும் கீழும் காட்டி விடுதியின் பூகோளத்தை விளக்கினாள்.

"மேலை கொரியாக்காரர். கீழை தைவான்காரர். நடுவிலை நீங்கள். பெடியனும் பெட்டையும் இஞ்சை படிக்கினம். காதல். தாய் தேப்பன் கலியாணம் பேச வந்திருக்கினம்."

"அதுக்கு ஏன் இத்தாலிக்கு வரணும்?"

"ஆர் ஆற்றை நாட்டுக்கு முதல் போறது எண்டு பிரச்சினையாம்."

சியோலுக்கும் தைபேக்கும் நடுவில் இருப்பது கடல். கடலில் நாற்காலி போட முடியாது. ஆகவே சிசிலி. நம் ஊரில் பெண் பார்க்க வரும்போது எந்த வாசல் வழியாக நுழைவது என்பதற்கே நாள் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும் என்பதால், நான் ஆச்சரியப்படவில்லை.

பெண் மின்ஜி. இசைக் கல்லூரியில் மேலைச் சங்கீதம் படிப்பவள். எங்கள் விழாவில் கவிதைக்கும் கவிதைக்கும் நடுவே பாட அவளைத்தான் அமர்த்தியிருந்தார்கள். மாப்பிள்ளை வெய்க்கு, பழைய தேவாலய ஓவியங்களில் படிந்த புகையைப் பஞ்சால் துடைத்துச் சீராக்கும் படிப்பு. இவளுக்குச் சீனம் தெரியாது, அவனுக்குக் கொரியம் தெரியாது. காதலித்தது, ஊடியது, சமாதானமானது எல்லாம் இத்தாலிய மொழியில், அதுவும் பலெர்மோக்காரர்களைப் போல ஐந்து விரல்களையும் குவித்துக்கொண்டு.

பெண்ணின் பெற்றோரை செல்வி பார்க் ஐயா, பார்க் அம்மா என்றாள். கொரியாவில் மனைவிக்குக் கணவன் குடும்பப் பெயர் ஒட்டாது, அந்த அம்மாள் பார்க்கே இல்லை என்று மின்ஜி இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள். ஐயா ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். மாப்பிள்ளையின் அப்பா இறந்துவிட்டார். அம்மா லின்னம்மாவும், அவருடைய கணவரின் அக்காவும் வந்திருந்தார்கள். அந்த அக்காவுக்கு செல்வி வைத்த பெயர் பெரிய மச்சாள். தைவானின் சடங்குகள் அனைத்தும் அந்த ஒரு தலைக்குள் இருந்தன. அதனால் அந்தத் தலை இடம் வலம் திரும்பவே திரும்பாது.

மாடிப்படியில் மின்ஜி என்னிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை மதியம் விருந்து, மோதிரம். நல்லபடியாக முடிந்தால் இலையுதிர் காலத்தில் கல்யாணம், அவளும் இங்கேயே இருந்து படிப்பை முடிக்கலாம். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அப்பா அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்.

"சும்மா மிரட்டுவார்," என்றேன்.

"என் பெயரிலும் சேர்த்து மூன்று டிக்கெட் வாங்கியிருக்கிறார்," என்றாள்.

பூகோள ஆசிரியர்கள் வழி தெரியாமல் எதையும் தொடங்குவதில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் மொழிபெயர்ப்பு என்னும் கலையின் உச்சத்தைப் பார்த்தேன். பார்க் அம்மா கொரிய மொழியில் ஏதோ சொல்வார். மின்ஜி அதை இத்தாலிய மொழியில் வெய்க்குச் சொல்வாள். வெய் சீனத்தில் தன் அம்மாவுக்கும் அத்தைக்கும் சொல்வான். வழியில் செல்வி அதைப் பிடித்துத் தமிழில் எனக்குக் கொடுப்பாள். கிளம்பிய வாக்கியம் போய்ச் சேரும் வாக்கியத்தைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்காது. லின்னம்மா ஊதா ரிப்பன் கட்டிய வைக்கோல் தொப்பி ஒன்றை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. விமான நிலையத்திலேயே அதைப் பார்த்து பார்க் அம்மா, "தொப்பியா அது, சோயா ஜாடியின் மூடி," என்றிருக்கிறார். இத்தாலிய மொழியில் அது "தொப்பி அழகாம்" ஆகி, சீனத்தில் "உங்கள் ரசனை உயர்ந்ததாம்" என்று இறங்கியிருக்கிறது. லின்னம்மா தொப்பியைத் தொட்டுப் புன்னகைத்தாராம். இரு நாடுகளுக்கும் இடையே இப்படித்தான் சுமுகம் நிலவியது.

இரண்டாம் நாள் காலை செல்வி என் கதவைத் தட்டி, உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.

"அக்கா, லின்னம்மாவுக்குக் கொரியன் விளங்குது."

"எப்படிச் சொல்றே?"

"மனுசி முட்டை பொரிச்சுக்கொண்டு உப்புத் தேடினவ. பார்க் அம்மா கூடத்துக்குள்ளை இருந்து கொரியனிலை என்னவோ சொன்னவ. இவ திரும்பியும் பாக்கேல்லை. கை நேரே நீல டப்பாவுக்குப் போச்சு. பேந்து நான் பாக்கிறதைக் கண்டிட்டு, சிவப்பு டப்பாவையும் திறந்து மணந்து பாத்து நடிச்சவ."

செல்வி உடனே ஒரு முடிவுக்கும் வந்திருந்தாள். லின்னம்மா அரசாங்கத்து உளவாளி. ஒரு வைக்கோல் தொப்பியை இத்தனை பிடிவாதமாகப் போட்டுக்கொள்ள வேறு காரணம் இருக்க முடியாது. பிறகு கொஞ்சம் யோசித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் முதல் வேலை செய்த இத்தாலிய அம்மா வீட்டிலை இத்தாலியன் விளங்காத மாதிரித்தான் நிண்டனான். வேலை கொஞ்சம் குறையும். ஆனால் என்னைப் பற்றி எல்லாத்தையும் எனக்கு முன்னாலையே கதைச்சவை. பேந்து விளங்கும் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு. அவைக்கு வரவேண்டிய வெக்கம், எனக்கு வந்தது."

அன்று முற்பகல் பெண்கள் எல்லோரையும் போர்கோ வெக்கியோ சந்தைக்கு செல்வி அழைத்துப் போனாள். துறைமுகத்துக்குப் பக்கத்துக் குறுகிய தெருக்கள். கடலை மாவைக் குழைத்துத் துண்டு போட்டுப் பொரித்த பனெல்லே தின்றேன். பஜ்ஜிக்குள்ளிருந்து வாழைக்காய் ஓடிப்போனால் மிஞ்சுவது. அடுத்த கடையில் மாட்டின் மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கடைக்காரர் ரொட்டியைத் தூக்கிக் காட்டி, "பானி" என்று சிசிலிய மொழியில் கூவினார். பார்க் அம்மா கை நீட்டி, "ப்பாங்," என்றார். அதே நொடியில் பெரிய மச்சாள், "பாங்," என்றார். செல்வி என்னிடம், "பாண் நல்ல சூடா இருக்குது," என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போர்ச்சுக்கீசியர்கள் ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றிச் சென்ற ரொட்டியும் அதன் பெயரும் யாழ்ப்பாணக் கரையில் ஒரு பங்கு இறங்கியது. ஜப்பானில் இன்னொரு பங்கு இறங்கியது. ஜப்பான்காரர்கள் பிடித்து ஆண்ட கொரியாவிலும் தைவானிலும் அது மிஞ்சி நின்றுவிட்டது. ஆண்டவர்கள் போனார்கள், அவர்கள் விட்டுப்போன ரொட்டியின் பெயரில் மட்டும் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த ஒற்றுமை அரை நிமிடம் நீடித்தது. பிறகு பெரிய மச்சாள், தைவானில் சொல்வதுதான் சரியான உச்சரிப்பு என்றார்.

பார்க் அம்மா மண்ணீரல் ரொட்டியைக் கடித்துவிட்டு, கண்ணை மூடிக் கொரிய மொழியில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற லின்னம்மாவின் கண்கள் சட்டென்று நிறைந்தன. அவர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஆர்டிச்சோக் என்னும் கூனைப்பூ விற்கும் கடைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். அவர் கடை வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குத் துணி விற்றவர். என் ஆங்கிலத்தைவிட அவருடையது நேராக நடக்கும்.

"இன்சியோன் துறைமுக வாசனை அடிக்கிறது என்றாள்," என்றார். "அடிக்கத்தான் செய்கிறது. நான் பிறந்த ஊர்."

கூனைப்பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி சொன்னார். அவர் தாத்தா சீனாவிலிருந்து கடல் தாண்டிக் கொரியா போனவர். இன்சியோனில் கறுப்பு அவரை விழுதில் நூடுல்ஸ் புரட்டி விற்றது குடும்பம். வீட்டில் பேச்சு சீனம், தெருவில் பேச்சு கொரியம், கையில் இருந்ததோ கண்ணால் பார்த்தேயிராத தைவானின் கடவுச்சீட்டு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பிள்ளைகள் இவரைச் சீனாக்காரி என்றார்கள். இருபது வயதில் தைவானுக்கு அனுப்பினார்கள். தைபேக்குப் பக்கத்தில் ஒரு தெருவே இவரைப் போல வந்தவர்களின் கடைகள். அங்கே கல்யாணமாகிப் போன வீட்டில் இவருக்குப் பெயர் கொரியாக்காரி.

"விமான நிலையத்தில் கொரிய மொழியில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஜாடி மூடி என்றுவிட்டாள். இப்போது எனக்கு விளங்கும் என்று சொன்னால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? தயவுசெய்து சொல்லாதீர்கள்."

சத்தியம் செய்தேன். நான்கு மொழிகள் சுற்றிச் சுற்றி வந்த அந்த மேஜையில், கிளம்பிய வாக்கியத்தையும் போய்ச் சேர்ந்த வாக்கியத்தையும் சேர்த்துக் கேட்ட ஒரே வாசகி அவர்தான். விமரிசனமே எழுதாத வாசகி.

சனிக்கிழமை காலை புதிய சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர்தான் இருக்கிறார்கள், பெரிய மச்சாளின் சாஸ்திரத்தில் இரட்டைப்படை வேண்டும். நான்கு ஆகாது, அவர்கள் மொழியில் சாவைப் போல ஒலிக்கும் எண். ஆறு வேண்டும். ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னையும் செல்வியையும் விடுதிச் சொந்தக்காரி சினோராவையும் மாப்பிள்ளை வீட்டாராக நியமித்தார். எனக்குப் பெரியம்மா பதவி. சினோராவுக்கு என்ன பதவி என்று யாரும் சொல்லவில்லை, அவர் முத்துமாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் படகுகள் கட்டியிருக்கும் கரையோரம்தான் யோகனின் உணவகம். தட்டுகள் கேட்காமலே வந்துகொண்டிருந்தன. ஆக்டோபஸ், கணவாய், மட்டி, கடல்முள்ளி தடவிய பாஸ்தா. யோகன் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இப்பவே வயித்தை நிரப்பாதேங்கோ. இது தொடக்கம்தான்."

"இன்னும் எவ்வளவு வரும்?"

"அவை அழுமட்டும் வரும்."

பிறகு சடங்கு. மின்ஜி எங்கள் ஆறு பேருக்கும் இனிப்புத் தேநீர் கொடுத்தாள். சீமைச்சாமந்தித் தேநீரில் கரைய மறுக்கும் அளவுக்குச் சர்க்கரை. அவளை ஓர் உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, லின்னம்மா மோதிரம் போட்டார். பெண் விரலை லேசாக மடக்கி மோதிரத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும், முழுக்க ஏறவிட்டால் ஆயுளுக்கும் மாமியார் கைதான் ஓங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மின்ஜி மடக்கினாள். அவள் மடக்குவதற்கு முன்பே லின்னம்மா தள்ளுவதை நிறுத்திவிட்டதை நான் பார்த்தேன். பார்க் ஐயா எழுந்து கண்ணாடிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரு சிற்றுரை ஆற்றினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பழத்தட்டு வந்தது.

பழத்தட்டைக் கண்டதும் பெரிய மச்சாள் எழுந்தார். என் முழங்கையைக் கிள்ளினார். லின்னம்மா எழுந்தார். வெய்யை இழுத்து எழுப்பினார்கள். ஒரு வார்த்தை இல்லை, தலையசைப்பு இல்லை, திரும்பிப் பார்க்கக் கூடாது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் விடைபெறக் கூடாதாம். விடைபெற்றால் இன்னொரு முறை இதே சடங்குக்கு வரவேண்டியதாகிவிடும், அதாவது இன்னொரு பெண்ணுக்கு. ஒரு தடவையோடு முடியட்டும் என்பதற்காகச் சொல்லாமல் கிளம்ப வேண்டும். இது எனக்கு வாசலில்தான் தெரிந்தது. வெய்க்கும் அங்கேதான் தெரிந்தது. பார்க் தம்பதிக்கு யாருமே சொல்லவில்லை. முன்கூட்டி விளக்குவதும் விடைபெறுவதில்தான் சேரும் என்பது பெரிய மச்சாளின் தீர்ப்பு.

மேஜையருகே பார்க் ஐயா, சம்பந்திகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லப் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டார். கொரியாவில் தபால்காரரைக்கூடக் குனியாமல் அனுப்புவதில்லை. அவருடைய இடுப்பு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் காற்றில் தொங்கியது. அவருக்கு முன்னால் ஆறு முதுகுகள். அதில் ஒன்று என்னுடையது.

அப்போதுதான் செல்வி திரும்பினாள். விருந்து சாப்பிட்ட வீட்டிலிருந்து பேசாமல் கிளம்ப அவள் உடம்பு மறுத்துவிட்டது. சிரித்த முகமாகக் கையை ஆட்டி, தெளிவாக, "போட்டு வாறம்," என்றாள்.

"என்ன சொன்னாள்?" என்று பெரிய மச்சாள் வெய்யைக் கேட்டார். வெய் என்னைக் கேட்டான்.

"ஒன்றுமில்லை. ஏப்பம்," என்றேன்.

மானத்தோடு வெளியேறிய நாங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். பலெர்மோவில் பேருந்து என்பது அட்டவணையில் அச்சிடப்பட்ட ஒரு நம்பிக்கை. வரவில்லை. கால் வலிக்க நின்றோம். உணவகத்துக் கதவு திறந்தது. பார்க் தம்பதியும் மின்ஜியும் வெளியே வந்து, வேறு நிறுத்தம் இல்லாததால், எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். பெரிய மச்சாள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆறு பேரும் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்றோம். கடற்படை அணிவகுப்பை எதிர்பார்ப்பவர்கள் போல. முத்துமாலை சினோராவுக்குக் காரணம் எதுவும் தெரியாது, அவர்தான் எல்லோரையும்விடத் தீவிரமாகப் பார்த்தார். கடைசியில் பேருந்து வந்தது. அவர்கள் முன்வாசலில் ஏறினார்கள், நாங்கள் பின்வாசலில். எல்லோருடைய வீடும் ஒன்றே. ஒரே படிக்கட்டு.

மாலையில் பஞ்சாயத்து. பார்க் ஐயாவின் குரல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியது. "பெண்ணைக் கொடுக்கிறவர்களை நாயை விட்டுப்போவது போல விட்டுப்போகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம். மின்ஜி, பெட்டியைக் கட்டு." மின்ஜி சடங்கை விளக்கினாள். "மரியாதை தெரியாதவர்களுக்கு வசதியான சடங்கு," என்றார். முதல் மாடியிலிருந்து பெரிய மச்சாளின் பதில் ஏறியது. "சொல்லாமல் போவதைப் பற்றிக் கொரியாவா பேசுகிறது? பெய்ஜிங்கோடு கைகுலுக்குவதற்காக எங்கள் தூதரகத்தை ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னவர்கள்தானே. அன்றைக்கு யார் குனிந்தார்கள்?" அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. வெய் அப்போது தவழும் குழந்தை. அவன் அதை மின்ஜியிடம், "அத்தைக்குச் சாப்பாடு செரிக்கவில்லையாம்," என்று மொழிபெயர்த்தான். இம்முறை அது உதவவில்லை.

நான் சமாதானத் தூதுவராக மேலே போனேன். எங்கள் நாட்டிலும் விசித்திரம் உண்டு, நாங்கள் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லவே மாட்டோம், போய் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்றேன். மின்ஜி மொழிபெயர்க்க, பார்க் ஐயா பொறுமையாகக் கேட்டார்.

"திரும்பி வருகிறீர்களா?"

"பெரும்பாலும் இல்லை."

"அப்படியென்றால் அவர்கள் மரியாதை இல்லாதவர்கள். நீங்கள் பொய் சொல்பவர்கள்," என்றார் பூகோள ஆசிரியர்.

அந்தச் சாயங்காலமே என் ஏழு நிமிடம். அறிவிப்பாளர் என்னைக் கிழக்கின் குரல் என்று அறிமுகப்படுத்தினார். எந்தக் கிழக்கு என்று சொல்லவில்லை. மின்ஜி வந்து பாடினாள். கண்கள் வீங்கியிருந்தன. நடுவில் ஓரிடத்தில் குரல் நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் எழுந்தது. கூட்டம் கலையென்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பின்னால் நான் என்ன வாசித்திருந்தாலும் அது உலர்ந்த துண்டில் வரைந்த கடல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் ஓடவில்லை. அதற்கும் விடுமுறை போலும். பார்க் ஐயா மூன்று பெட்டிகளோடு படியிறங்கினார். பின்னால் முழங்கால் வலியோடு பார்க் அம்மா, அவர் பின்னால் மின்ஜி, மோதிரத்தைக் கழற்றாமல். வெய் கீழே வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் மாடித் திருப்பத்தில் லின்னம்மா தொப்பியோடு நின்றார். நானும் செல்வியும் துடைப்பமும் வாளியுமாக, அங்கே இருப்பதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு நின்றோம்.

பார்க் அம்மா அவரைத் தாண்டும்போது கணவரிடம் கொரிய மொழியில் சொன்னதையும், அடுத்து நடந்த கொரியப் பேச்சையும் மின்ஜி பிறகு எனக்குச் சொன்னாள். "பாருங்கள், கல்தூண் மாதிரி நிற்கிறாள். உச்சியில் அந்த மூடி வேறு."

லின்னம்மா வாயைத் திறந்தார். இன்சியோன் துறைமுகத்துக் கொரிய மொழி, அந்தக் காலத்து மொழி, அப்படியே வந்தது.

"மூடி தள்ளுபடியில் வாங்கியது, சம்பந்தி. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக இறங்காதீர்கள்."

பார்க் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் நான்கு நாள்கள் பின்னோக்கி ஓடின. மூடி. நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம். செடிக்குத் தண்ணீர் விடுவது போலத் தேநீர் ஊற்றுகிறாள் என்றது. பல்லைப் பற்றிச் சொன்னது. ஒவ்வொன்றும் வந்து கன்னத்தில் நிறம் ஏற்றிவிட்டுப் போயிற்று.

"எப்போதிலிருந்து உங்களுக்குக் கொரிய மொழி தெரியும்?"

"பிறந்ததிலிருந்து. இன்சியோன். அந்த மேட்டுத் தெரு."

"கறுப்பு நூடுல்ஸ் கடைகள் இருக்குமே."

"அதேதான். எங்கள் கடைக்கு வந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் கடையில்தான் நன்றாக இருக்கும்."

பார்க் ஐயா பெட்டிகளைக் கீழே வைத்தார். "மொழி தெரிந்தவர் நேற்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

லின்னம்மா முதல் மாடிக் கதவைப் பார்த்தார். பெரிய மச்சாள் இன்னும் வரவில்லை. "அங்கே நான் முப்பத்தைந்து வருஷமாகக் கொரியாக்காரி. என் மகன் நிச்சயத்தன்றாவது தைவான்காரியாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். குனிய எழுந்த உங்களுக்கு என் முதுகைக் காட்டியது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்படிச் செய்திருந்தால் என் பள்ளிக்கூட ஆசிரியர் பிரம்பை எடுத்திருப்பார்."

படிக்கட்டில் யாரோ வீட்டுத் தக்காளிக் குழம்பு வாசனை வந்தது. அவர்கள் செய்த அவமரியாதையையும் இவர்கள் பேசிய அவமரியாதையையும் பார்க் அம்மா மனதில் தராசில் வைத்துப் பார்த்தது எனக்கே தெரிந்தது. முள் நடுவில் நின்றது. சம்பந்திகளுக்கிடையே இதைவிட நல்ல நிலை உலகில் கிடையாது.

அப்போது பெரிய மச்சாள் முதல் மாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சத்தம் கேட்டுப் படியேறி வந்திருந்த வெய்யை வைத்து அனைத்தையும் கேட்டு முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு விசாரணையைத் தொடங்கினார். நேற்று முறைப்படி கிளம்பியும் ஏன் இவ்வளவு கெட்டது நடந்தது? செல்வியைக் காட்டி என்னைக் கேட்டார்: உணவக வாசலில் இந்தப் பெண் என்ன சொன்னாள்? நிஜத்தைச் சொல்.

சொன்னேன். "போய் வருகிறோம் என்றாள்."

வெய் மொழிபெயர்த்தான். மின்ஜி மொழிபெயர்த்தாள். பெரிய மச்சாள் நெஞ்சில் கை வைத்தார். பார்க் ஐயா மெதுவாகத் தலையாட்டினார். திரும்பி வருவோம் என்றால் சடங்கு கெடத்தானே செய்யும் என்று முதன்முறையாக தைவான் பக்கம் நியாயம் பேசினார். பார்க் அம்மாவும் ஆமோதித்தார். இரண்டு தேசங்கள் ஒன்றாக வேண்டுமென்றால் பழி போட மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது. அன்றைக்குக் கைவசம் இருந்தது தமிழ்.

"நான் என்ன பிழை சொன்னனான் அக்கா?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல. நீதான் கல்யாணத்தை நடத்தி வச்சிருக்கே."

"அப்ப கலியாணச் சாப்பாட்டுக்கு யோகனிட்டைச் சொல்லச் சொல்லுங்கோ."

டாக்சி வந்தது. மூன்று டிக்கெட்டில் ஒன்று வீணாகப் போவதைப் பற்றி பார்க் ஐயா பெருமூச்சு விட்டார், ஆனால் மகளின் பெட்டியைத் தானே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பெரிய மச்சாள் கடைசித் தீர்ப்பை வழங்கினார். நேற்றுக் கெட்டதை இன்று சரிசெய்ய வேண்டும். கிளம்புவது யாரானாலும் சரி, யாரும் யாரிடமும் விடைபெறக் கூடாது. சொல்லிவிட்டு, அது நடக்கிறதா என்று பார்க்க பால்கனிக்குப் போய் நின்றார்.

லின்னம்மா தொப்பியைக் கழற்றினார். நான்கு நாளில் முதல் முறை. அதை பார்க் அம்மாவின் தலையில் வைத்து ரிப்பனைச் சரிசெய்தார். "இந்த ஊர் வெயிலுக்கு ஜாடிக்கு மூடி வேண்டும்," என்றார். பார்க் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, பால்கனியைப் பார்த்து, மூடிக்கொண்டார். குனியவில்லை. திரும்பவில்லை. வாழ்நாள் முழுவதும் குனிந்து பழகிய அந்த முதுகு விறைப்பாக டாக்சிக்குள் போய் உட்கார்ந்தது. மகளுக்காக ஓர் அம்மா இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவைச் செய்துவிட முடியாது.

டாக்சி கிளம்பி, பத்தடி போய், நின்றது. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு மூன்று சக்கர வண்டி, நம் ஊர் ஆட்டோவுக்குத் தாய்மாமன். பின்னால் மலையாகக் கூனைப்பூ, தலையில் ஒலிபெருக்கி. கூனைப்பூவின் பெருமையை அது தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வியாபாரி ஒரு மாடியிலிருந்து கயிற்றில் இறக்கிய கூடையில் காய் வைத்து, கூடை ஏறும்வரை காத்திருந்து, அடுத்த கூடைக்குத் திரும்பினார். டாக்சிக்காரர் ஹாரனில் சாய்ந்தார். யாருக்கும் அவசரமில்லை.

நாங்கள் வாசலில். அவர்கள் பத்தடி தூரத்தில். கையசைக்கக் கூடாது, பேசக் கூடாது, பார்க்கவும் கூடாது. வெய் வானத்தைப் பார்த்தான். மின்ஜி தன் விரலைப் பார்த்தாள். செல்வி இரண்டு உதடுகளையும் விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பெரிய மச்சாளின் தலை அசையாமல் இருந்தது.

டாக்சியின் பின்கண்ணாடியில் ஊதா ரிப்பன் தெரிந்தது. தொப்பியின் விளிம்பு மெல்ல முன்பக்கம் தாழ்ந்தது. வெகு நேரம் தாழ்ந்தே இருந்தது. பிறகு நிமிர்ந்தது.

லின்னம்மா இடுப்பை வளைத்துக் குனிந்தார். அவிழாமலே இருந்த செருப்பு வாரை, கூனைப்பூ வண்டி நகரும்வரைக்கும் சரிசெய்துகொண்டிருந்தார்.